சிறுநீரகமும் ஓர் ஊசியின் கணக்கும்

சிறுநீரகம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிறுநீர்தான். பெயரே அப்படி! பள்ளிக்கூடப் பாடத்திலும் "இரத்தத்தில் உள்ள கழிவுகளை வடிகட்டும் உறுப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண், அதோடு சரி. ஆனால் உடம்பில் இரத்தம் ஊறுவதற்கே சிறுநீரகத்தின் உத்தரவு வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

விஷயம் இதுதான். இரத்தச் சிவப்பணுக்கள் தயாராகும் இடம் எலும்பு மஜ்ஜை. எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுப்பது சிறுநீரகம். தன்னிடம் வரும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அது எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். நோயாளிகள் வாயில் அது சுருக்கமாக 'எபோ'. சிறுநீரகம் கெட்டுப்போனால் இந்த ஆர்டர் வருவது குறைந்துவிடும். மஜ்ஜை நன்றாக இருந்தும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணுவின் ஆயுளும் இந்த நோயாளிகளுக்குக் குறைந்துபோகிறது. போதாததற்கு, ஒவ்வொரு டயாலிசிஸிலும் குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் இரத்தம் தங்கிவிடும். வரவு சுருங்கி, செலவு மட்டும் தொடரும் நிலை.

திருக்கோகர்ணத்தில் பேருந்து ஏறி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பி மியூசியத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் 7 என்று சீட்டில் எழுதியிருக்கும். (உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை.) சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாசம்தான். ஆனால் கீரையிலும் பேரீச்சையிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்த இரத்தசோகைக்கு மூலகாரணம் சாப்பாட்டில் இல்லை. வராமல் போன அந்த ஹார்மோனைத்தான் ஈடுகட்டியாக வேண்டும்.

அந்த ஹார்மோன் இன்று ஊசியாகக் கிடைக்கிறது. 4000 யூனிட், 10000 யூனிட் என்று சின்னக் குப்பியில் வரும். அதைக் கண்டெடுத்த கதையும், பிறகு அதை வைத்து நடந்த கூத்தும் மருத்துவ மாணவர்களைவிட வணிகவியல் மாணவர்கள் படிக்க வேண்டியவை என்று சொன்னால் மிகையில்லை.

1955-இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் கோல்ட்வாசர் என்ற உயிர்வேதியியலாளர் இந்த ஹார்மோனைத் தேடத் தொடங்கினார். லியோன் ஜேக்கப்சன் என்ற மூத்த விஞ்ஞானி கொடுத்த வேலை அது. சில மாதங்களில் முடிந்துவிடும் என்று கோல்ட்வாசர் நினைத்திருந்தார். இருபது வருடங்களுக்கு மேல் ஆனது! 1957-இல் இந்த ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது என்று அவர்கள் குழு காட்டியது. ஆனால் அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டுமே? இரத்தத்தில் அது இருப்பது மிக மிகக் குறைந்த அளவில். ஆடுகளுக்கு இரத்தசோகை வரவழைத்தால் அவற்றின் இரத்தத்தில் ஹார்மோன் கூடும் என்று, இறைச்சிக்கூடத்திலிருந்து வருடக்கணக்கில் செம்மறியாட்டு இரத்தத்தைக் கொண்டுவந்து வடித்தார். ஆட்டின் ஹார்மோன் கிடைத்தது. மனித ஹார்மோன் கிடைக்கவில்லை.

கடைசியில் உதவி ஜப்பானிலிருந்து வந்தது. தகாஜி மியாகே என்ற மருத்துவர், எலும்பு மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து வைத்திருந்தார். ஏன் அவர்களுடையது? மஜ்ஜை வேலை செய்யாது. சிறுநீரகமோ நன்றாக இருக்கிறது. அது ஆர்டர் மேல் ஆர்டராகப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஹார்மோன் வழிந்து சிறுநீரில் போகும். அப்படிச் சேர்ந்தது 2550 லிட்டர். மாடியில் வைக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டரை! அதை வற்றவைத்த பொடியோடு மியாகே சிகாகோவுக்கு வந்தார். இருவர் குழுவும் சேர்ந்து அதைச் சுத்திகரித்து 1977-இல் முடிவை வெளியிட்டார்கள். கிடைத்த ஹார்மோன் வெறும் 8 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட எத்தனையோ மடங்கு குறைவு.

அந்த 8 மில்லிகிராமை வைத்துத்தான் பின்னால் எல்லாமே நடந்தது. கலிபோர்னியாவில் 1980-இல் தொடங்கப்பட்ட ஆம்ஜென் என்ற சின்ன நிறுவனத்துக்குக் கோல்ட்வாசர் ஆலோசகரானார். அங்கே தைவானைச் சேர்ந்த ஃபூ குன் லின் 1983-இல் எபோ மரபணுவைப் பிரித்தெடுத்தார். ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் செல்லுக்குள் அந்த மரபணுவை வைத்து ஹார்மோனை வேண்டிய மட்டும் தயாரிக்க முடிந்தது. சியாட்டிலில் ஜோசப் எஷ்பாக் என்ற சிறுநீரக மருத்துவரும் சகாக்களும் 25 டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1987-இல் வெளியானது. மாதாமாதம் அடுத்தவர் இரத்தம் ஏற்றிக்கொண்டு நடைப்பிணமாக இருந்தவர்களுக்கு இரத்தம் ஏற்றும் அவசியமே இல்லாமல் போனது. ஜூன் 1989-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்து மருந்து சந்தைக்கு வந்தது. உலகின் மிக அதிகம் விற்ற உயிரித் தொழில்நுட்ப மருந்துகளில் அது ஒன்றானது.

கோல்ட்வாசருக்கு என்ன கிடைத்தது? சிகாகோவில் சுத்திகரித்ததற்கு அவர் பெயரிலோ பல்கலைக்கழகத்தின் பெயரிலோ காப்புரிமை எடுக்கவில்லை. நிறுவனம் பல்லாயிரம் கோடி பார்த்தது; அவர் பேராசிரியராகவே இருந்து 2010-இல் தம் 88-ஆம் வயதில் காலமானார். இதைப் படித்ததும் "பாவம் மனுஷன்" என்று தோன்றும். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அவர் பணக்காரர் ஆகாததால் எந்த நோயாளிக்கும் கெடுதல் வரவில்லை. நோயாளிகளைத் தொட்ட விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறுநீரகம் செயலிழந்தவர் என்றால் வயது எதுவானாலும் ஏறக்குறைய எல்லோருக்கும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு செலவை ஏற்கிறது. டயாலிசிஸ் மையங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. பில் அரசுக்குப் போகும். புது ஊசிக்கு எப்படிப் பணம் கொடுப்பது? 1989-இல் ஒரு விதி போட்டார்கள். 10,000 யூனிட்டுக்குள் எவ்வளவு போட்டாலும் ஒரு தடவைக்கு 40 டாலர். என்ன நடந்திருக்கும் என்று ஊகியுங்கள் பார்ப்போம்? மையங்கள் குறைந்த டோஸாகப் போட்டன! 2000 யூனிட் போட்டாலும் 40 டாலர், 9000 போட்டாலும் 40 டாலர் என்றால் யார்தான் 9000 போடுவார்?

அரசு விழித்துக்கொண்டது. 1991-இல் விதியை மாற்றி, 1000 யூனிட்டுக்கு 11 டாலர் என்று அளந்து கொடுத்தது. இப்போது? டோஸ் ஏறத் தொடங்கியது. வருடா வருடம் ஏறியது. அதிகம் வாங்கும் மையங்களுக்குத் தயாரிப்பாளர்கள் தள்ளுபடியும் கொடுத்தார்கள். வாங்கும் விலைக்கும் அரசு கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மையத்தின் லாபம். எவ்வளவு அதிகம் போட்டால் அவ்வளவு லாபம். 2000-களின் நடுவில் மெடிகேர் இந்த ஒரு மருந்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் செலவழித்தது.

நோயாளி அதே நோயாளி. மருந்தும் அதே மருந்து. பில் போடும் முறை மாறியது, டோஸும் கூடவே மாறியது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்கி வழிபவர்களை எழுப்ப இந்த ஒரு உதாரணம் போதும்.

இதை முழுக்கப் பேராசை என்று சொல்லிவிடவும் கூடாது. மருத்துவர்களுக்கு ஒரு நியாயமான நம்பிக்கை இருந்தது. ஆரோக்கியமான ஆளுக்கு ஹீமோகுளோபின் 13, 14 இருக்கிறது. நோயாளிக்கும் அதே அளவுக்கு ஏற்றினால் இதயத்துக்கு நல்லதுதானே? ஹீமோகுளோபின் அதிகம் உள்ள நோயாளிகள் அதிக நாள் வாழ்வதாகப் பழைய பதிவேடுகளும் காட்டின. (ஏற்கெனவே திடமாக இருப்பவர்களுக்குத்தான் ஹீமோகுளோபின் எளிதாக ஏறும் என்பது அந்தப் பதிவேட்டில் தெரியாது.) 1998-இலேயே ஓர் எச்சரிக்கை வந்தது. இதய நோயும் உள்ள 1233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. ஒரு பகுதியினருக்கு இரத்தத்தை ஏறக்குறைய இயல்பான அளவுக்கு ஏற்றினார்கள். அவர்கள் நிலை மேம்படுவதற்கான அறிகுறியே தெரியாமல், இறப்பு அந்தப் பக்கம் கூடுவதைப் பார்த்து ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனாலும் பழக்கம் மாறவில்லை. "அவர்கள் ஏற்கெனவே இதய நோயாளிகள்" என்று ஒரு சமாதானம் கையில் இருந்தது.

இந்த இடத்தில்தான் அஜய் சிங் வருகிறார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டைச் சேர்ந்த பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர். அவர் தலைமையில் 2003-இல் 'குவயர்' என்ற ஆய்வு தொடங்கியது. டயாலிசிஸ் நிலைக்கு இன்னும் போகாத 1432 சிறுநீரக நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எபோ கொடுத்து ஹீமோகுளோபினை 13.5-க்குக் கொண்டுபோவது இலக்கு. மறு பாதிக்கு இலக்கு 11.3. எதிர்பார்ப்பு என்னவென்றால், 13.5 குழு ஜெயிக்கும்.

தோற்றது. இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது ஆகிய நான்கையும் சேர்த்து எண்ணியபோது, 13.5 குழுவில் 125 பேர், 11.3 குழுவில் 97 பேர். இறந்தவர்கள் மட்டும் 52-க்கு 36. (இறப்பை மட்டும் தனியே எடுத்தால் அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் பெரிதல்ல, நான்கையும் சேர்த்தால் சந்தேகம் இல்லை.) சரி, இரத்தம் கூடியதால் உற்சாகமாவது கூடியதா? அதுவும் இல்லை. வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்விகளுக்கு இரு குழுவினரின் பதில்களிலும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. 2005-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, நவம்பர் 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த ஊசியை விற்கும் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழும நிறுவனம்தான். தன் காசில் நடந்த ஆய்வு தன் விற்பனைக்கே வேட்டு வைத்தது. மருந்துக் கம்பெனிகளின் பணத்தில் நடப்பதெல்லாம் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே விதிகளை எழுதி வைத்துவிட்டு, யாருக்கு எந்தக் குழு என்பதைக் குலுக்கலுக்கு விட்டால், பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காத விடையும் வரத்தான் செய்யும்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். 13.5 குழுவில் ஏற்கெனவே இரத்த அழுத்தமும் இதய பைபாஸ் செய்துகொண்டவர்களும் சற்று அதிகம் என்றார்கள். அது உண்மைதான். இன்னொரு கேள்வி இன்னும் ஆழமானது: கெடுதல் செய்தது கூடிய ஹீமோகுளோபினா, அதை எட்டுவதற்காகக் கொட்டிய அளவுக்கு மீறிய எபோவா? பின்னால் அதே தரவுகளை அலசியவர்கள் சந்தேகத்தின் நிழலை அதிக டோஸ் பக்கம் திருப்பினார்கள். சிலர் உடம்பு எபோவுக்கு இலேசில் மசியாது. அவர்களையும் 13.5-க்கு இழுத்துப் போக வேண்டும் என்றால் மருந்தை மேலும் மேலும் ஏற்ற வேண்டிவரும். 2009-இல் மார்க் ஃபெஃபர் தலைமையில் 'ட்ரீட்' என்ற இன்னும் பெரிய ஆய்வு வந்தது. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் சேர்ந்த 4038 பேர். ஒரு பக்கம் இதே வகையைச் சேர்ந்த டார்பெபொய்ட்டின் ஊசி, மறுபக்கம் வெறும் போலி ஊசி. பக்கவாதம் வந்தவர்கள் 101-க்கு 53. ஏறக்குறைய இரட்டிப்பு! அதற்குப் பிறகு வாதாட அதிகம் மிச்சமில்லை.

மார்ச் 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஊசிகளின் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை வைத்தது. அவர்கள் வைத்திருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கை அது. டிசம்பர் 2012-இல், டார்பெபொய்ட்டினை அனுமதிக்கப்படாத வகையில் விற்க முயன்றதற்காக ஆம்ஜென் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வழக்குகளை முடித்துக்கொள்ள மொத்தம் 76.2 கோடி டாலர் கட்டியது.

ஆனால் டோஸை உண்மையில் இறக்கியதில் எச்சரிக்கையைப் போலவே பில் முறைக்கும் பங்கு உண்டு. ஜனவரி 2011 முதல் மெடிகேர் டயாலிசிஸ், ஊசி, பரிசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்று அறிவித்தது. நேற்று வரை லாப மையமாக இருந்த ஊசி ஒரே இரவில் செலவு மையமாகிவிட்டது. டோஸ் சரிந்தது. அளவுக்கு மீறிப் போட்டது நின்றது, நல்லதுதான். ஆனால் நோயாளிகளின் சராசரி ஹீமோகுளோபினும் இறங்கி, இரத்தம் ஏற்றுவது கொஞ்சம் கூடியது. காசு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே டோஸும் சாய்ந்தது, மறுபடியும்.

இதெல்லாம் பணக்கார நாட்டுப் பிரச்சினை, புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது.

இங்கே கதை தலைகீழ். எபோ அதிகமாகிப் போனவரை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். போதிய அளவு போடாமல் விட்டவர்களைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2009 முதல் அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2016-இல் மத்திய அரசு மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. முள்ளூரில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் டயாலிசிஸ் என்றால் சொத்தை விற்க வேண்டும் என்ற நிலையை நினைத்துப் பார்த்தால் இவையெல்லாம் பெரிய விஷயம். இதை மறுக்க முடியாது.

ஆனால் இந்தத் திட்டங்களின் கணக்கு 'ஒரு டயாலிசிஸுக்கு இவ்வளவு' என்று போகிறது. ஆண்டு அறிக்கையிலும் எத்தனை ஆயிரம் டயாலிசிஸ் செய்தோம் என்றுதான் வரும். அந்த டயாலிசிஸ் செய்துகொண்டவர்களின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எந்த அமைச்சரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. ஊசி மையத்தின் கையிருப்பில் இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். வெளியே மருந்துக்கடையில் வாங்க வேண்டும். எபோ ஒரு புரதம். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, குலுக்கவும் கூடாது. கத்திரி வெயிலில் ஐஸ் பொட்டலத்தோடு பாலித்தீன் பையில் சுற்றி, டவுன் பஸ் குலுக்கலில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். பையில் ஐஸ் உருகியிருந்தால் உள்ளே இருக்கும் மருந்தின் கதி? அதை யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

கையில் காசில்லாத மாதம் ஊசி நின்றுபோகும். ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கும். உடனே இரத்தம் ஏற்றுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு வழியில்லை, சரி. ஆனால் அடுத்தவர் இரத்தம் ஏற ஏற, உடம்பு பிறர் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்ளும். நாளைக்கு இவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்று வரும்போது அம்மாவுடையதோ அண்ணனுடையதோகூடப் பொருந்தாமல் போகலாம். வேலூர் சி.எம்.சி. 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை செய்து இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்று மற்றவருக்கு வைக்கும் திட்டத்தை 2008 முதல் பேர் சொல்லும்படி நடத்துகிற மாநிலமும்கூட. அந்த வரிசையில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவருடைய வாய்ப்பு, வாங்காமல் விட்ட ஊசியால் குறைந்துகொண்டே போவது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இரும்புச்சத்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எபோ ஆர்டர் மட்டும்தான் கொடுக்கும், சரக்கு இரும்பு. இரும்பு இல்லாத உடம்பில் எபோ போடுவது அரிசி இல்லாமல் உலை வைத்தது மாதிரி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்தியா முழுக்க 57 சதவீதம். அதாவது சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே பாதிப்பேருக்கு இரத்தம் குறைவு, அதில் பலருக்கும் இரும்பும் குறைவு. இப்படிப்பட்ட ஊரில் ஃபெர்ரிட்டின் போன்ற இரும்புப் பரிசோதனை செய்யாமல் எபோவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் விலை உயர்ந்த மருந்து வீணாகும். இரும்பை நரம்பு வழியாக ஏற்றும் ஊசி எபோவோடு ஒப்பிட்டால் மலிவு. முதலில் இரும்பு, பிறகு எபோ. 'ட்ரீட்' போன்ற ஆய்வுகளை நினைத்தால், குறைந்த எபோவில் காரியம் முடிவது நோயாளிக்கும் பாதுகாப்பு.

"அரசாங்கம் எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?" இந்தக் கேள்வி தவறாமல் வரும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் டயாலிசிஸை ஏற்கெனவே அரசு தருகிறது. பெருஞ்செலவு அதுதான். அதைச் செய்துவிட்டு ஊசியை விட்டால், செய்த செலவின் பலனில் பாதி கரைகிறது. நச்சுக்கழிவு நீங்கிய இரத்தம், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்கத் தெம்பில்லாத இரத்தம். அவர் வேலைக்குப் போக முடியாது. மூச்சுத்திணறலோடு மறுபடி வார்டில் சேர்வார். இரத்த வங்கியில் ஒரு பை குறையும். இந்தச் செலவெல்லாம் வேறு வேறு தலைப்பில் எழுதப்படுவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். தவிர, இந்திய நிறுவனங்களே எபோ தயாரிக்கின்றன. மொத்தமாக மருந்து வாங்கி விலையைக் குறைப்பதற்கென்றே 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி நாட்டுக்கே காட்டியவர்கள் நாம். குளிர்பெட்டியில் மையத்துக்கே ஊசி வந்து சேர்ந்தால் ஐஸ் பொட்டலப் பயணமும் மிச்சம்.

எனவே ஊசியையும் இரும்பையும் டயாலிசிஸ் கட்டணத்துக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் சரி. ஆனால் அதோடு நின்றால் அமெரிக்காவில் 2011-க்குப் பின் நடந்தது இங்கே இன்னும் மோசமாக நடக்கும். ஒரே கட்டணம் என்றால் ஊசியைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாமே என்று ஏதாவது ஒரு மையத்துக்குத் தோன்றாமலா போகும்? அதனால் பில்லோடு சேர்த்து அந்த மாதத்து ஹீமோகுளோபினும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெர்ரிட்டினும் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். உலகச் சிறுநீரக மருத்துவர்கள் 2012-இல் எழுதிய வழிகாட்டுதல், பொதுவாக 11.5-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம், 13-ஐத் தாண்டவே வேண்டாம் என்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு 9-க்குக் கீழே விழுவதற்கு முன்பே எபோ தொடங்கச் சொல்கிறது. இந்த இரண்டு கோடுகளுக்கும் வெளியே எத்தனை பேர் என்று மையம் மையமாகப் பட்டியல் வெளியானால் போதும். தேர்ச்சி விகிதத்தைப் பள்ளிவாரியாகப் போட்டால் தலைமையாசிரியர்கள் எப்படிப் பதறுகிறார்கள் என்று தெரியாதா என்ன! நோயாளிக்கு நோயாளி மருத்துவர் முடிவு மாறலாம், மாற வேண்டும். ஒரு மையத்தில் பாதிப்பேர் 8-க்குக் கீழே இருந்தால் அதை மருத்துவரின் தனிப்பட்ட முடிவு என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் மருந்தும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்ததைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக 2019-இல் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியைப் பயன்படுத்தி, உடம்பையே எபோ சுரக்க வைக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. சீனாவில் 2018-இல் அனுமதி பெற்ற ராக்ஸாடுஸ்டாட்டை, இரத்தம் உறையும் ஆபத்து முதலான கவலைகளால் அமெரிக்கா 2021-இல் ஏற்க மறுத்தது. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட் மாத்திரைக்கு மார்ச் 2022-இல் இந்திய அனுமதி கிடைத்தது. ஆக்ஸீமியா என்ற பெயரில் வருகிறது. வாரம் மூன்று முறை விழுங்கினால் போதும். குளிர்பெட்டி வேண்டாம், ஊசி குத்தவும் வேண்டாம். திருக்கோகர்ணத்துக்காரருக்கு இது பெரிய வசதிதான், இவற்றின் நீண்டகாலப் பாதுகாப்பைப் பல வருடம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாலும்.

ஆனால் மாத்திரை என்பது வீட்டில் விழுங்குவது. டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் போடுவதில்லை. 'ஒரு டயாலிசிஸுக்கு இவ்வளவு' என்ற கட்டணத்துக்குள் அது வருமா, மறுபடியும் சீட்டு எழுதி மருந்துக்கடைக்கு அனுப்பிவிடுவார்களா என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.